இரண்டாவது கடகம்

பசியோடு இருக்கிற சனத்துக்கு முன்னால் பாயில் அரிசி காயவைத்துவிட்டுக் காகம் கலைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம் நான் அப்படி நின்றேன்.

எங்கள் ஊர் மானிப்பாயிலிருந்து சைக்கிளில் கால்மணி நேரம். அங்கே வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டிய பழைய கோயில் ஒன்று இருக்கிறது. அதில் மணி அடிப்பது, கூட்டித் துடைப்பது, பின்பக்கத்தில் கல்லறைகள் இருக்கிற சேமக்காலையில் புல்லுப் பிடுங்குவது என் வேலை. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஐயா செத்துப்போனதால் அதற்குமேல் பள்ளிக்கூடம் போகவில்லை. சில வருடம் புகையிலைத் தோட்டங்களில் தண்ணீர் இறைத்தேன். பிறகு இந்த வேலை கிடைத்தது. பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது. நாலு பேர் கூடி நின்றால் நான் சுற்றுப்பாதையால் போகிறவன்.

அந்த வேலையில் ஒன்றுதான் என்னை ஆட்களிடம் கொண்டுபோகும். அது சனிக்கிழமைப் பிடியரிசி. எங்கள் சபைப் பெண்கள் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு மண்முட்டியில் போட்டுவைப்பார்கள். ஒரு நேரம் உலை வைத்தால் ஒரு பிடி. சனிக்கிழமை நான் சைக்கிளின் பின் கரியரில் பனையோலையில் பின்னிய கடகத்தைக் கட்டிக்கொண்டு வீடுவீடாகப் போவேன். வேலிப் படலையில் நின்று சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பேன். வீட்டுக்காரி முட்டியைக் கொண்டுவந்து கடகத்தில் கொட்டுவாள். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படலைக்குப் போவேன். பல வருடமாக இப்படித்தான். சில வீட்டுக்காரிகளின் குரலை நான் கேட்டதுண்டு. என் குரலை அவர்கள் கேட்டதில்லை.

இந்தப் பிடியரிசியைத் தொடக்கிவைத்தவர் எங்கள் சபையின் முதல் தமிழ்ப் போதகர். நூறு வருடத்துக்கு முந்திய மனிதர். அவருடைய கல்லறையைத்தான் நான் கூட்டுகிறேன். வெள்ளைக்காரரின் காசில் தீவுப்பகுதிக்கு வேதம் சொல்ல ஊழியர் போகத் தேவையில்லை, எங்கள் அரிசியிலேயே எங்கள் ஆட்களை அனுப்பலாம் என்று சொல்லி ஒரு சங்கம் அமைத்து நடத்தியவர் அவர். அன்றிலிருந்து எங்கள் பிடியரிசி தீவுகளில் வேலை செய்கிற ஊழியருக்கு மட்டும்தான். வேறு ஒன்றுக்கும் அதைத் தொடுவதில்லை.

அந்த வருடம் ஆனியில் மறுபடியும் சண்டை தொடங்கித் தீவுக்குப் போகிற பாதை அடைபட்டது. அரிசி போக வழியில்லை. பாதை திறக்கும்வரை சேர்த்துவைப்போம் என்று சபைக் கமிட்டி சொன்னது. கோயிலின் பக்கத்தறையில் இருந்த இரும்புப் பீப்பாவில் நான் ஒவ்வொரு சனியும் கொண்டுபோய்க் கொட்டினேன். வெக்கையில் வண்டு பிடித்தது. அதனால் இடைக்கிடை அரிசியை அள்ளிக் கோயில் முற்றத்தில் பாய் விரித்துக் காயவைக்க வேண்டியிருந்தது.

ஆவணியில் தீவுகளில் ஆமி இறங்கியது. சனம் வள்ளங்களில் ஏறி அராலிக் கரையில் இறங்கி நடந்து வந்தது. எங்கள் கோயிலோடு ஒட்டிய பள்ளிக்கூடத்தில் பல குடும்பங்கள் வந்து, பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்தன. அவர்களுடைய நிவாரணக் கார்ட் எல்லாம் தீவில் பதிந்தது. அதை இங்கே மாற்றினால்தான் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி கொடுப்பார்கள். ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் எழுதி அனுப்பிவிட்டார். பதில் வர ஒரு மாதமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும் என்றார்கள். முதல் நாலைந்து நாள் ஊர்ச்சனம் பாணும் கிழங்கும் கொண்டுவந்து கொடுத்தது. பிறகு அது குறைந்தது. ஊரிலும் அப்போது யாரிடமும் அதிகம் இருக்கவில்லை. வன்னியிலிருந்து லொறி வந்தால்தான் கடையில் சாமான், அதுவும் தொட முடியாத விலை.

அந்த நிலையில்தான் நான் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பாயை விரித்தேன். விரிக்காமல் விட்டால் அரிசி பழுதாகிவிடும். பள்ளிக்கூடத்து விறாந்தையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நடக்கப் பழகி அதிக நாளாகாத ஒரு குழந்தை வந்து பாய் ஓரத்தில் சிந்திக் கிடந்த அரிசியைப் பொறுக்கி வாயில் போட்டது. அதன் தாய் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள்.

"அது கோயில் அரிசி. தொடப்படாது" என்றாள் பிள்ளைக்கு. பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கள் போய் உங்கடை வேலையைப் பாருங்கோ அண்ணை. காகத்தை நான் பாக்கிறன். எங்களை ஆர் பாக்கிறது எண்டு பிறகு யோசிப்பம்."

சொல்லிவிட்டு உண்மையாகவே நிழலில் குந்தியிருந்து காகம் கலைத்தாள். அவளுடைய மனிசன் வள்ளத்தைப் பார்த்துக்கொள்ள அங்கேயே நின்றுவிட்டான் என்றும், மூன்று பிள்ளைகளோடும் நடக்க மாட்டாத மாமியாரோடும் இவள் மட்டும் வந்தாள் என்றும் பிறகு அறிந்தேன். பின்னேரம் நான் அரிசியை அள்ளும்போது ஒரு அரிசிமணி குறையாமல் இருந்தது. அன்று இரவு என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. என் மனிசி என்னவென்று கேட்டாள். சொன்னேன். "என்னட்டைச் சொல்லி என்ன பிரயோசனம்? சொல்லவேண்டிய ஆக்களிட்டைச் சொல்லுங்கோ" என்றாள்.

போதகரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், ஆனால் களைத்துப்போன மனிதர். நான் சொல்லி முடிக்குமுன்பே விளங்கிக்கொண்டு, இது கமிட்டி தீர்மானிக்கவேண்டியது என்றார். கமிட்டிச் செயலாளரை வரவழைத்தார். அவர் தபாற்கந்தோரில் வேலை பார்த்துப் பென்சனோடு இளைப்பாறியவர். சபையில் எதையும் ஒழுங்குதவறாமல் நடத்துகிறவர் என்று பெயர். அவர் ஒரே ஒரு விடயத்தைத்தான் சொன்னார். முதற்போதகரின் காலத்தில் பெரிய வறட்சி வந்தது, அவருடைய சொந்த வீட்டிலேயே உலை வைக்கவில்லை, அப்போதும் அவர் பிடியரிசி மூட்டையைத் திறக்கவிடவில்லை. ஒவ்வொரு வருடமும் அவருடைய நினைவு ஞாயிறன்று இந்தக் கதையைச் சொல்லித்தான் பிரசங்கம் தொடங்கும். அப்படிக் காத்த அரிசியை நாங்கள் திறக்கிறதா என்று கேட்டார். நான் எழும்பி வந்துவிட்டேன்.

ஆனால் அந்தக் கதை எனக்குள் இருந்து குத்தியது. அப்படித்தான் நடந்ததா என்று நானே பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். பக்கத்தறை அலுமாரியில் அவருடைய சீவியத்தை எழுதிய ஒரு கொப்பி இருந்தது. அவருக்குப் பின் வந்த ஒரு போதகர் கையால் எழுதியது. தடித்த மட்டை, மண்ணிறமாகிப்போன மை. தூசி தட்ட மட்டுமே நான் அதை எடுத்திருக்கிறேன். பெரிய படிப்பாளிகளின் தமிழ் எனக்கு ஏறாது என்ற பயம். இப்போது மத்தியானத்தில் கூட்டி முடித்தபின் யன்னலோரம் இருந்து விரல் வைத்து வாசித்தேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். எழுத்துக்கூட்டுகிற பிள்ளையைப்போல உதட்டை அசைத்துக்கொண்டுதான் வாசிக்க முடிந்தது. தொண்ணூற்றைந்தில் ஊர் முழுக்கத் தென்மராட்சிக்கு ஓடியபோது அந்தக் கொப்பி அலுமாரியோடு போய்விட்டது. அதனால் அதில் இருந்ததை ஞாபகத்திலிருந்தே எழுதுகிறேன்.

முதற்போதகர் எங்கள் ஊர்த் தோட்டக்காரரின் பிள்ளை. எங்கள் ஊரிலேயே புகையிலை ஒழுங்கை என்று சொல்கிற ஒடுங்கிய தெருவில், சைவக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பும் சாப்பாடும் கொடுக்கிறார்கள் என்று தகப்பன்தான் அவரைப் பாதிரிமாரின் விடுதிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அங்கே ஞானஸ்நானம் எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று, தகப்பன் உயிரோடு இருக்கிற மகனுக்குச் செத்தவீடு செய்து முடித்தார். கொள்ளிக்குடம் உடைத்து, தலை மொட்டையடித்து, எட்டாம் நாள் எட்டுச் செலவும் செய்தார்கள். அதன்பின் அவர் அந்த ஒழுங்கையால் நடக்கவேண்டி வந்தால் சொந்தத் தாயே கதவைச் சாத்திக்கொண்டாராம்.

அவர் வாத்தியாராகி, பிறகு போதகராகி, இருபது வருடம் வெள்ளைக்காரரோடு வேலை செய்தார். அவர்களோடு அவருக்கு ஓயாத வாக்குவாதம். தமிழ்ச்சனம் தன் ஊழியரைத் தானே பராமரிக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். காலம் வருவதில்லை, கொண்டுவரவேண்டும் என்பது இவருடைய கட்சி. ஒவ்வொரு வீட்டு வளவிலும் ஒரு பனையை இதற்கென்று விடச்சொன்னார். தோட்டக்காரரிடம் ஒரு வரிசைப் புகையிலை கேட்டார். தீவுக்கு முதலில் அனுப்பிய இரண்டு பேரில் ஒருவர் வாந்திபேதியில் செத்தார். இவர் வள்ளம் பிடித்துப் போய் அடக்கம் செய்துவிட்டு, திரும்பி வந்து இறங்கிய கரையிலேயே அடுத்த ஆளைக் கேட்டார் என்று எழுதியிருந்தது.

வறட்சிக் கதையும் இருந்தது. அது உண்மைதான். மூட்டையை அவர் திறக்கவில்லை. பிரசங்கத்தில் சொல்லாத ஒன்றும் அதில் இருந்தது. அந்த மாதத்தில் அவருடைய சின்ன மகள் செத்துப்போனாள். காய்ச்சல் என்று எழுதியிருந்தது. பசிக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததா என்று எழுதியிருக்கவில்லை. அதை வாசித்துவிட்டு நான் கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. வெளியே போய் அவருடைய கல்லறையைக் கூட்டாமல் வீட்டுக்குப் போனேன்.

மூன்று நாளைக்குப் பிறகுதான் மறுபடியும் எடுத்தேன். பீப்பாவைத் திறக்க அவருடைய வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடைக்கும் என்றுதான் வாசிக்கத் தொடங்கினேன். அது கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. பிடியரிசி ஒரு பெரிய கூட்டத்தில் எல்லாரும் கையுயர்த்தித் தொடங்கியது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கொப்பியில் கூட்டமே இல்லை. முதல் ஒரு வருடம் அவர் தனியாக, தானே ஒரு ஓலைப்பையோடு படலை படலையாகப் போயிருக்கிறார். போதகர் பிச்சைக்கு வெளிக்கிட்டார் என்று சனம் சிரித்ததாம். அவர் கூச்சம் உள்ளவர் என்றும், ஒவ்வொரு ஒழுங்கை முகப்பிலும் நெடுநேரம் நின்று பிறகே உள்ளே போவார் என்றும், முதல் நாள் மூன்று வீட்டோடு திரும்பிவிட்டார் என்றும், தான் பிறந்த ஒழுங்கைக்கு மட்டும் முகப்பு வரைக்கும் வந்து உள்ளே போகாமலே திரும்பினார் என்றும் எழுதியிருந்தது.

அந்த இடத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். வெள்ளைக்காரரோடு வாதாடிய மனிதர் ஒழுங்கை முகப்பில் தயங்கி நின்றார் என்பதை என்னால் முதலில் நம்பமுடியவில்லை. பிறகு நம்பினேன். ஒழுங்கை முகப்பில் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

பீப்பாவைத் திறக்கச் சொல்லி இனிக் கேட்பதில்லை என்று தீர்மானித்தேன். இன்னொரு பிடி கேட்பது என்று தீர்மானித்தேன்.

அந்தச் சனி கரியரில் இரண்டு கடகம் கட்டினேன். வலப்பக்கம் கோயிலுக்கு, இடப்பக்கம் பள்ளிக்கூடத்துக்கு. சொல்லவேண்டியதை வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்தேன். வழக்கமாகப் போடுகிற பிடி கோயிலுக்கு. அதற்குமேல் உங்களால் முடிந்தால் இன்னொரு பிடி, பள்ளிக்கூடத்தில் இருக்கிற சனத்துக்குக் கஞ்சி காய்ச்ச. மனிசி கேட்டுவிட்டு வடிவாக இருக்கிறது என்றாள். முதற்படலையில் மணி அடித்தேன். வீட்டுக்காரி முட்டியோடு வந்தாள். "இது கோயிலுக்கு. இது பள்ளிக்கூடத்துச் சனத்துக்கு" என்று இரண்டு கடகத்தையும் காட்டினேன். அவ்வளவுதான் வந்தது. அவள் ஓம் என்று தலையாட்டி, முட்டியில் இருந்ததில் பாதியை ஒன்றிலும் பாதியை மற்றதிலும் கொட்டிவிட்டுப் போனாள்.

நான் சொல்லியிருக்கவேண்டும். அப்படியல்ல, இது மேலதிகமாக என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அடுத்த வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அன்று ஊர் முழுக்க அப்படித்தான். சபை பிடியரிசியை இரண்டாகப் பிரித்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். அது கோயில் தீர்மானம் என்று எண்ணி ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. எங்கள் ஊரில் கடகம் கொண்டு வருகிறவனைக் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை. பின்னேரம் வந்து பார்க்கிறேன், இரண்டு கடகமும் அரைவாசி. இடக்கடகத்து அரிசியைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தேன். அந்தத் தீவுப் பெண்ணும் வேறு சிலரும் சேர்ந்து அப்போதே கஞ்சி வைத்தார்கள். கஞ்சி குடிக்கிற பிள்ளைகளைப் பார்க்க எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் என்னைப் பக்கத்தறைக்குக் கூப்பிட்டார்கள். போதகரும் செயலாளரும் கமிட்டியில் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். பீப்பா மூடி திறந்து கிடந்தது.

"நேற்று விழவேண்டிய அரிசியிலை பாதி எங்கை?" என்றார் செயலாளர்.

"கஞ்சிக்குப் போட்டுது ஐயா."

"ஆர் பிரிக்கச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை என்றேன். நான் கேட்க நினைத்தது இன்னொரு பிடி, வடிவாகச் சொல்லாததால் அவர்கள் ஒரு பிடியை இரண்டாக்கிப் போட்டுவிட்டார்கள் என்றேன்.

"நீர் எப்பதான் வடிவாய்ச் சொன்னனீர்?" என்றார். கமிட்டிக்காரர் சிரித்தார்கள். வேறு நாளென்றால் அதோடு தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்திருப்பேன். ஆனால் யன்னலால் பள்ளிக்கூடம் தெரிந்தது. முதல்நாள் கஞ்சி காய்ச்சிய சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் இப்போது வெளியே போனால் அந்தச் சட்டி கவிழ்ந்தபடியே கிடக்கும்.

செயலாளர் வறட்சிக் கதையை மறுபடியும் தொடங்கினார். முதற்போதகர் வீட்டில் உலை வைக்காத காலத்திலும் மூட்டையைத் திறக்கவில்லை என்றார்.

"ஓம் ஐயா, திறக்கேல்லை" என்றேன். "நானும் திறக்கச் சொல்லேல்லை. அவர் படலை படலையாய்ப் போய்க் கேட்டவர். ஒரு வருஷம் தனியக் கேட்டவர். நானும் கேக்கத்தான் போறன்."

"அது உமக்கு ஆர் சொன்னது?"

"கொப்பியிலை கிடக்கு."

போதகர் எழும்பி அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தார். எங்கே என்று கேட்டார். நான் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் செயலாளரிடம் நீட்டினார். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். அவர் அந்தக் கொப்பியை முதல் தரம் திறக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அதை நான் சொல்லவில்லை. சொல்லி என்ன காண்பது.

நான் கெடுத்த பாதியை என் வீட்டு அரிசியால் நிரப்பிவிடுகிறேன் என்றேன். வாற சனி எல்லாப் படலையிலும் நின்று சரியாகச் சொல்லுகிறேன் என்றேன்.

"கதைப்பீரோ?" என்றார் போதகர். அவர் கேலியாகக் கேட்கவில்லை.

"கதைப்பன் ஐயா."

செயலாளர் கொப்பியை மூடினார். பிடியரிசி ஒரு பிடி குறைந்தாலும் அன்றோடு இரண்டாவது கடகம் நிற்கும் என்றார். அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. வீட்டுக்குப் போய் எங்கள் அரிசிப் பானையைத் திறந்தேன். மனிசி சுளகை எடுத்துத் தந்தாள். அந்தக் கிழமை நாங்கள் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டோம்.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டேன். முதற்படலையில் நிற்க அதே வீட்டுக்காரி வந்தாள். போன கிழமை நான் சொன்னது பிழை என்று தொடங்கினேன். எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது. முழுவதையும் சொன்னேன். தீவுச்சனத்துக்குக் கார்ட் மாறும்வரைதான், அதன்பின் கேட்கமாட்டேன் என்றும் சொன்னேன். அவள் உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு பிடியை அள்ளிவந்தாள். "இதைப் போன கிழமையே சொல்லியிருக்கலாம்" என்றாள். ஓம் என்றேன்.

அதன்பிறகு சுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு படலையும் புதுப் படலைதான். சில வீட்டில் இல்லை என்றார்கள், அது உண்மையாகவே இல்லாமைதான். ஒரு வீட்டில் அரிசிக்குப் பதிலாக ஒரு தேங்காய் தந்தார்கள். இளைப்பாறிய ரீச்சர் ஒருவர் இருந்தார். அவருடைய நாக்குக்கு ஊரே பயம். அவர் நான் சொல்லி முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்துக் கேட்டார்.

"இவ்வளவு காலமும் உம்மை ஊமை எண்டு நினைச்சு இரங்கி, ஒவ்வொரு பிடியையும் நிறையப் போட்டனான்" என்றார். "இப்ப வாயும் இருக்கு, அந்த வாய்க்குள்ளை இவ்வளவு கதையும் இருக்கு. நான் போட்ட அரிசியை எல்லாம் திருப்பித் தாரும்."

அவர் சிரிக்காமலே முட்டி நிறைய அரிசியைக் கொண்டுவந்து இடக்கடகத்தில் கொட்டினார். ஒரு பிடி அல்ல, கொத்தால் அளந்தால் ஒரு கொத்துக்குக் குறையாது. அடுத்த வீட்டுக்காரியை வேலிக்கு மேலாகக் கூப்பிட்டு, ஊமை கதைக்குது, வந்து கேள் என்றார். அந்த ஒழுங்கையில் அதன்பிறகு நான் மணி அடிக்கத் தேவையில்லாமல் போயிற்று. எல்லாரும் படலையில் வந்து நின்றார்கள்.

சபை வீடுகள் மத்தியானத்தோடு முடிந்துவிட்டன. இடக்கடகத்தில் இருந்தது இரண்டு மூன்று நாளைக்குத்தான் காணும். பள்ளிக்கூடத்தில் இருந்த தலைகளை நினைத்துப் பார்த்தேன். கேட்காத வீடுகள் மிச்சம் இருந்தன. அவை சைவ வீடுகள். எங்களைப்போன்ற வேதக்காரரின் கோயிற்கடகம் அந்தப் பக்கம் போனதேயில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு புகையிலை ஒழுங்கைக்குப் போனேன். முகப்பில் நின்றேன். நெடுநேரம் நின்றேன் என்றுதான் சொல்லவேண்டும். நுகத்தடியோடு போன ஒருவர் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

முதற்போதகர் பிறந்த வளவு எது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்கே இப்போது இருப்பவர் அவருடைய அண்ணன் வழி வந்தவர். என் வயதுதான். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு கிணற்றடியில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார். நான் படலையைத் தாண்டாமல் நின்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கட்டி முடித்தார். பிறகு எழும்பி வந்து கடகங்களைப் பார்த்தார்.

"எது கோயிலுக்கு?"

வலப்பக்கத்தைக் காட்டினேன்.

"அதுக்குள்ளை நான் போடமாட்டன்" என்றார். "எங்கடை வீட்டாலை அந்தாளுக்குச் செத்தவீடு செய்து முடிச்சது. செத்த ஆளின்ரை கோயிலுக்கு நாங்கள் குடுக்கிறேல்லை." சொல்லிவிட்டு மனிசியைக் கூப்பிட்டார். "மற்றதுக்குள்ளை எவ்வளவும் போடலாம். சனத்தின்ரை வயித்துக்குச் சைவம் வேதம் எண்டு என்ன கிடக்கு."

இரண்டு சுண்டு மொட்டைக்கறுப்பன் அரிசியும் ஒரு கட்டு வெங்காயமும் வந்தன. போகும்போது, அந்தாள் உண்மையாகவே இந்த ஒழுங்கையால் அரிசி கேட்டு வந்ததா என்று கேட்டார். முகப்பு வரைக்கும் வந்து திரும்பினார் என்று கொப்பியில் இருப்பதைச் சொன்னேன். "நீர் உள்ளுக்கு வந்திட்டீர்" என்றார். அந்த ஒழுங்கையில் மிச்ச வீடுகளுக்கு அவரே எனக்கு முன்னால் நடந்து போய்ப் படலையில் நின்று குரல் கொடுத்தார்.

அன்று பின்னேரம் செயலாளர் தானே வந்து, நான் பீப்பாவில் கொட்டும்போது பார்த்தார். வழக்கத்தைவிடக் குறையவில்லை. பீப்பாவைத் தானே மூடிவிட்டுப் போனார். அடுத்த சனி அவருடைய வீட்டுப் படலையில் நிற்க, அவருடைய மனைவி இரண்டு முட்டி கொண்டுவந்தார். இரண்டாவது முட்டி புதிது.

அதன்பின் கிழமையில் ஆறு நாள் பள்ளிக்கூட முற்றத்தில் கஞ்சி காய்ச்சினோம். கலியாண வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிற பெரிய கிடாரத்தை ஒருவர் சும்மா தந்தார். முருங்கையிலையும் தேங்காய்ப்பாலும் போட்டு, உப்பு இருக்கிற நாளில் உப்பும் போட்டு என் மனிசியும் தீவுப் பெண்களும் கிண்டினார்கள். ஆமியின் ஹெலி மேலே சுற்றினால் அகப்பையைப் போட்டுவிட்டு எல்லாரும் பங்கருக்குள் போவோம். வந்து பார்த்தால் அடிப்பிடித்திருக்கும். அடிப்பிடித்த கஞ்சியையும் ஒருவரும் விடவில்லை. அந்தத் தீவுப் பெண் ஒரு நாள் என் மனிசியிடம், உங்கடை மனிசன் வாயை வாடகைக்குக் குடுத்திருந்தவரோ, இப்பதான் மீட்டவரோ என்று கேட்டதாக மனிசி வந்து சொல்லிச் சிரித்தாள்.

பீப்பா நிறைந்துகொண்டு வந்தது. நான் வழக்கம்போல இடைக்கிடை அரிசியைப் பாயில் காயவைத்தேன். ஆனால் இப்போது பாயை விரிக்கும்போது தலை நிமிர்ந்து விறாந்தையைப் பார்க்க முடிந்தது. காகம் கலைக்க அவளும் வந்து இருப்பாள். பாதை திறந்தால் இந்த அரிசி தீவுக்குப் போகும் என்று அவளுக்குச் சொன்னேன். அது எப்போது திறக்கும் என்று அவள் கேட்பாள். எனக்குத் தெரியாது என்பேன்.

ஐப்பசியில் மழை தொடங்கிய பிறகு கார்ட் மாறி வந்தது. விதானையார் விறாந்தையில் மேசை போட்டுப் பெயர் கூப்பிட்டார். சனம் சங்கக்கடைக்குப் போய் வரிசையில் நின்று அரிசியும் மாவும் வாங்கிவந்தது. அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் கரியரின் வலப்பக்கத்தில் ஒரு கடகம் மட்டும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். சொன்ன சொல்லுக்கு இடக்கடகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அது இல்லாமல் சைக்கிள் ஒரு பக்கம் சரிந்தது.

பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது அந்தத் தீவுப் பெண் வாசலில் நின்றாள். கையில் ஒரு பால்மா ரின் மூடி. அதில் சங்கக்கடை அரிசி, ஒரு பிடி.

"நில்லுங்கோ அண்ணை."

அது வேண்டாம், உங்களுக்கே காணாது என்றேன். இரண்டாவது கடகம் இனி இல்லை என்றும் சொன்னேன்.

"நான் அதுக்குள்ளை போட வரேல்லை" என்றாள். "இது தீவுக்குப் போற அரிசி எண்டுதானே சொன்னியள். நாங்கள் திரும்பிப் போகேக்கை அங்கை அடுப்பு மூட்ட ஒண்டும் இராது. எங்கடையும் இதுக்குள்ளை கிடக்கட்டும்."

ரின் மூடியைக் கடகத்துக்குள் கவிழ்த்தாள். ஒட்டியிருந்த இரண்டு மணியையும் விரலால் தட்டிவிட்டாள்.

அன்று பின்னேரம் பீப்பாவுக்குள் அதையும் கொட்டினேன். கொட்டிவிட்டுச் சேமக்காலைக்குப் போய், அந்தக் கோபம் வந்த நாளிலிருந்து அரைகுறையாகவே கூட்டிவந்த கல்லறையை நன்றாகக் கூட்டினேன். அடுத்த சனி பள்ளிக்கூட வாசலிலும் சைக்கிளை நிறுத்தி மணியை இரண்டு தரம் அடித்தேன். ஐந்து பேர் ரின் மூடியோடு வந்தார்கள்.